சித்தி வீட்டு முகவரி

அன்புள்ள பிரபா,

பத்து பாயிண்ட் கேட்டாய். "அம்மா, திங்கட்கிழமை ஜாயின் பண்றேன். இத்தனை வருஷம் நீ நடத்தின காலேஜ். சும்மா ஒரு பத்து பாயிண்ட் வாட்ஸ்அப்ல போட்டு விடு, கார்ல போறப்ப பாத்துக்கறேன்" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் போனை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டேன். அவர் பாவம், என்ன ஏது என்று தெரியாமல் "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்து பாயிண்ட்டில் அடங்குகிற வேலையாக இருந்தால் நான் எதற்கு இத்தனை காலமாக ரத்தக்கொதிப்பு மாத்திரை முழுங்கிக்கொண்டிருக்கிறேன்? அதனால்தான் கடிதம். காரில் படிக்காதே, வீட்டில் உட்கார்ந்து படி. கோபமாகத்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் "அம்மா ஏன் இப்படி எழுதியிருக்கா" என்று உன் பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்ரீராம்புரம் சமுதாயக் கல்லூரியின் முதல்வர் நாற்காலியில் நீ உட்காருவதில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. ஆனால் அது நடந்த விதம் இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. ஓய்வு பெறுகிற நாள்வரைக்கும் லீவில் இருங்கள் மேடம், ஆஃபீஸ் பக்கம் வரவேண்டாம் என்று கல்லூரியை நடத்துகிற டிரஸ்டின் செயலாளர் என்னிடம் சொன்ன அதே வாரத்தில் உன்னைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். நீ சரி என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் எனக்குப் போன் செய்தாய். நீ என்னைக் கேட்கவில்லை பிரபா, எனக்குத் தகவல் சொன்னாய். அம்மாவை ஏன் அனுப்புகிறார்கள், அந்த இடத்துக்கு மகனையே ஏன் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? வெளியாளை உட்கார வைத்தால் நான் சத்தம் போடுவேன். உன்னை உட்கார வைத்தால் வாயை மூடிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவுதான் விஷயம்.

திங்கட்கிழமை உன் மேஜையில் இரண்டு கடிதங்கள் இருக்கும். இரண்டும் ஒரே கம்பெனிக்கு. ஒன்று நான் எழுதியது, இன்னொன்று செயலாளர் தயாராக அடித்து வைத்திருப்பது. அவருடைய கடிதத்தில், ஐந்து மாணவர்கள் தாங்களாகவே பொய் முகவரி கொடுத்தார்கள், கல்லூரிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இருக்கும். என்னுடையதில், அந்த முகவரியை எழுதச் சொன்னது முதல்வராகிய நான்தான் என்று இருக்கும். நான் அவர் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன், அதனால்தான் லீவு. எந்தக் கடிதமானாலும் பொறுப்பில் இருக்கிற முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும், இப்போது அந்தப் பேனா உன் கைக்கு வருகிறது.

விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். செயலாளர் சொன்ன பாதி. மீதியை நான் சொல்கிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது தெரியுமா? உன்னிடம். நீ டிகிரி முடித்துவிட்டு முதல் இன்டர்வியூவுக்குப் போய் வந்த நாள் எனக்கு மறக்காது. அங்கே உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் உன் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, "ஸ்ரீராம்புரமா? அப்பா! ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு உங்களைக் கொண்டுவிட்டா எங்க டிரைவர் முழுசா திரும்பி வருவானா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நீயும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாய். அதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஃபைலைக் கட்டில் மேல் எறிந்துவிட்டு, "நானும் சிரிச்சேம்மா, நானும் சிரிச்சேன்" என்றாய். நமது தெருவில் கார்ப்பரேஷன் வேலைக்கு விடியலில் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், வேலை பார்த்த மில் மூடியபிறகும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள், உன் அப்பா இருக்கிறார். ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. என்றைக்கோ யாரோ கத்தியைத் தூக்கினான் என்றால் அந்த ஏரியாவுக்கே அதுதான் பெயர். அன்றைக்கு நான்தான் சொன்னேன், அடுத்த தடவை மல்லேஸ்வரத்தில் இருக்கிற வசந்தா சித்தி வீட்டு முகவரியை எழுது என்று. ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் சித்தி வீடு. எழுதினாய், வேலை கிடைத்தது.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் பெரிய சூட்சுமம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. பெற்ற பிள்ளைக்குச் செய்ததைப் படிக்க வந்த பிள்ளைகளுக்குச் செய்யக்கூடாதா என்று அதையே கல்லூரியில் வழக்கமாக்கினேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும் நாளில் போர்டில் சித்தி வீட்டு முகவரியை எழுதிப் போடுவேன். கேட்டவர்களுக்கும் அதுதான், கேட்காதவர்களுக்கும் அதுதான். யாருக்காவது தபால் வந்தால் சித்தி வாங்கி வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்வாள். "அக்கா, என் வீட்டு வாசல்ல ஒரு போர்டு மாட்டிடு, ஹாஸ்டல்னு" என்று கிண்டல் செய்வாள். ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன் பெட்ரோல் பங்க், ஒருத்தி ஆஸ்பத்திரி ரிசப்ஷன், ஒருத்தன் துணிக்கடை கேஷ் என்று ஆளுக்கொரு பக்கம் போவதால் ஒரு குழப்பமும் வரவில்லை. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இந்த வருஷம் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய கம்பெனி நம்மிடம் வந்தது. பில்லிங் வேலை. நம்மை மாதிரி, பத்தாவது தட்டித் தடுமாறிப் பாஸான பிள்ளைகளுக்கு ஒரு வருஷ டிப்ளமா கொடுக்கிற இடத்துக்கு அப்படிப்பட்ட கம்பெனி வந்ததே பெரிசு. மொத்தமாக ஐந்து பேரை எடுத்தார்கள். நந்தினி, இம்ரான், ஸ்டெல்லா, அப்புறம் இரண்டு மஞ்சுநாத். ஸ்டாஃப் ரூமில் மைசூர்பாகு. வேலை உத்தரவு வந்தது, ஆளுக்கொரு அடையாள அட்டைக்குப் போட்டோகூட எடுத்தார்கள். அதற்கப்புறம்தான் கம்பெனி அனுப்பிய ஆள் முகவரியைச் சரிபார்க்கக் கிளம்பினான்.

சித்தி சொன்னதை அப்படியே சொல்கிறேன். உனக்குச் சிரிப்பு வரும், எனக்கும் முதலில் வந்தது. வாசலில் ஒரு பையன் டேப்லெட்டோடு நின்று, "நந்தினி அந்த யாராத்ரு இல்லி இத்தாரா?" என்று, அந்தப் பெயரில் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று, கன்னடத்தில் கேட்டிருக்கிறான். இந்த வருஷத்துப் பெயர்களை நான் சித்தியிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவள் இல்லையே என்று சொல்லிவிட்டாள். அவன் அடுத்து இம்ரான் என்றான். இல்லை. ஸ்டெல்லா என்றதும்தான் அவளுக்குப் பொறி தட்டியிருக்கிறது. உடனே, "ஆ, இருக்காங்க இருக்காங்க, எல்லாரும் இங்கதான் இருக்காங்க" என்று அடித்துவிட்டாள். "அஞ்சு பேருமா?" "அஞ்சு பேரும்தான்." "எல்லாரும் உங்க பசங்களா?" "ஒரு வகையில." அந்தப் பையன் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சித்தப்பா பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "அஞ்சு பேரும் எங்க மேடம் தூங்குவாங்க?" என்று கேட்டதற்கு உன் சித்தி என்ன சொன்னாள் தெரியுமா? "ஷிஃப்ட்ல தூங்குவாங்க." அவன் வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஐந்து பேருடைய உத்தரவும் ரத்து. அது மட்டுமென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். சரிபார்க்கிற கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஐந்து பெயர்களுக்கும் எதிரே மோசடி என்று ஏற்றிவிட்டார்கள். இனி எந்தக் கம்பெனி விசாரித்தாலும் அந்த வார்த்தைதான் முதலில் வரும். பத்தொன்பது, இருபது வயசுப் பிள்ளைகள் பிரபா. வேலை கொடுத்த கம்பெனியின் அதிகாரி அம்மாவிடம் நான் போனில் கெஞ்சிக் கேட்டேன். அவர் மரியாதையாகவே பேசினார். "காலேஜ்தான் சொல்லிக் கொடுத்ததுன்னு நீங்க எழுத்துல கொடுத்தா, பசங்க பேர்ல இருக்கிற மோசடிங்கற மார்க்கை எடுக்கச் சொல்லலாம் மேடம். வேலைக்கு நான் கேரண்டி சொல்ல முடியாது. ஆனா உங்க காலேஜோட எங்க சம்பந்தம் அவ்வளவுதான்" என்றார். நம் லேபுக்கு அவர்கள் கொடுப்பதாகச் சொல்லியிருந்த கம்ப்யூட்டர்களும் அந்தச் சம்பந்தத்தோடு போய்விடும். அதுதான் டிரஸ்டுக்குக் காய்ச்சல்.

டிரஸ்ட் கமிட்டி கூடியது. செயலாளர் கெட்டவர் இல்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்காக ஆஃபீஸ் ஆஃபீஸாக ஏறி இறங்கிய மனுஷர். அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேடம், நீங்க எழுதச் சொன்னீங்கன்னு எழுத்துல எங்கயாவது இருக்கா?" போர்டில் எழுதினேன், அழித்தாயிற்று என்றேன். "அப்ப பிரச்சினையே இல்ல" என்றார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, எழுந்துவிட்டேன். "இருக்கு சார். நந்தினி விண்ணப்பத்துல என் கையாலயே எழுதினது இருக்கு" என்றேன். "அது உங்க எழுத்துன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நந்தினி கதையை நீ கேட்கவேண்டும். மற்ற நாலு பேரும் போர்டைப் பார்த்து எழுதினார்கள். அவள் எழுதவில்லை. ஸ்ரீராம்புரம், இத்தனையாவது கிராஸ் தெரு என்று தன் வீட்டு முகவரியை அழகாக எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். அவளுடைய அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை, அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். "ஏம்மா, போர்டைப் பாக்கலையா?" என்றேன். "பாத்தேன் மேடம். எங்க வீடு அது இல்லையே" என்றாள். "எல்லாருக்கும் தெரியும் உங்க வீடு எதுன்னு. வேலை வேணுமா வேணாமா?" "வேணும் மேடம். அதுக்கு எங்க ஏரியா பேரை ஏன் மறைக்கணும்?" வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், மத்தியானத்துக்குள் விண்ணப்பங்களை அனுப்பவேண்டும், எனக்கு எரிச்சல். "பெரிய தியாகி! மொதல்ல வேலைக்குப் போ, அப்புறம் ஏரியாவைத் தூக்கி நிறுத்தலாம்" என்று சொல்லி அவள் கையிலிருந்து தாளை வாங்கி, அவள் எழுதியதை அடித்து, மேலே சித்தி வீட்டு முகவரியை நானே எழுதினேன். அவள் தாளை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டாள். இப்போது செயலாளருடைய கடிதத்தில் அவள்தான் பொய் சொன்னவள். உண்மையை எழுதிக்கொண்டு வந்த ஒரே ஒருத்தி.

இதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் நீ போனில் அந்தப் பிரசங்கம் செய்தாய். "அம்மா, நீ எமோஷனலா பேசுற. அஞ்சு பேருக்காக முன்னூறு பேரோட லேபை இழக்கணுமா? இதுதான் லீடர்ஷிப்பா?" என்றாய். எங்கிருந்து கற்றுக்கொண்டாய் இந்த மாதிரிப் பேச? இருந்தாலும் உன் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ராத்திரி பகலாக யோசித்தேன். நீ சொல்வது நடக்கும். லேப் போகும். நம்மிடம் இருக்கிற கம்ப்யூட்டர்களில் பாதிக்கு உயிர் இல்லை, மீதிக்கு எழுந்திருக்கவே ஒரு பீரியட் ஆகும். அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகள் ஒரு நாற்காலியில் மூன்று பேராக உட்கார்ந்து டேலி கணக்கு கற்றுக்கொள்ளும். அந்தப் பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த முன்னூறு பேரும் நாளைக்கு நம் பேச்சைக் கேட்டு ஏதாவது செய்து மாட்டிக்கொண்டால், அவர்களையும் இதே மாதிரி ஐந்து ஐந்தாகக் கழித்துக்கொண்டே போவாயா? அப்புறம் லேபில் யார் உட்காருவார்கள், செயலாளரா?

சரி, பாயிண்ட் கேட்டாயே, அதையும் வைத்துக்கொள். நம்பர் போடமாட்டேன். டிரஸ்டுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் கேமராவோடு வருவார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, உங்க கதையைச் சொல்லுங்க என்பார்கள். ஒரு பெண் இருந்தாள், அவளுக்கு அழுகை நன்றாக வரும் என்று எங்கள் ஸ்டாஃபே ஒவ்வொரு தடவையும் அவளை முன்னால் தள்ளுவார்கள். அப்பா குடித்துவிட்டு வந்து அடித்ததை அவள் எத்தனை பேர் முன்னால் சொல்லியிருப்பாளோ. ஒருநாள் என்னிடம் வந்து, "மேடம், இன்னிக்கு அழுவணுமா, இல்ல சும்மா சொன்னா போதுமா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அன்றிலிருந்து வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பேன், லேபைக் காட்டுவேன், பாஸானவர்களின் மார்க்கைக் காட்டுவேன், கதை கிடையாது. இரண்டு பேர் அதனாலேயே பணத்தை நிறுத்தினார்கள். போகட்டும். நீ அந்தக் கதவைத் திறந்துவிடாதே.

பிள்ளைகள் வராமல் போனால் பெயரை அடிக்காதே, வீட்டுக்குப் போ. நீயே போ, அட்டெண்டரை அனுப்பாதே. அங்கே போய் உட்காரச் சொன்னால் உட்கார், டீ கொடுத்தால் குடி. உன் சட்டை மடிப்புக் கலைந்தால் கலையட்டும். பாதி நேரம் நீ தேடிப்போன பையன் தெருமுனையில் டெலிவரி பையை முதுகில் மாட்டிக்கொண்டு, உன்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கீழே இழுத்துக்கொள்வான். மூன்று வாரம் கத்திக் கத்தி எக்செல் சொல்லிக்கொடுத்தபின் இப்படிப் போய் நிற்பவனை நாலு சாத்து சாத்தலாமா என்று வரும். வரத்தான் செய்யும், எனக்கு வராத நாளில்லை. ஆனால் அவன் அங்கே சம்பாதிப்பது அந்த வாரத்துச் சோறு. நீ கொடுப்பதாகச் சொல்வது அடுத்த வருஷத்துச் சோறு. பசிக்கு எது முதலில் என்று அவனுக்குத் தெரியும். அதனால் திட்டு, ஆனால் திட்டி முடித்ததும் சாயங்கால பேட்ச்சுக்கு வாடா என்று சொல்லிவிட்டு வா. இரண்டு சனிக்கிழமை இங்கிலீஷ் சொல்லித்தர வந்துவிட்டு அப்புறம் காணாமல் போகிற ஐ.டி. கனவான்களைத் திட்டுவதற்கு இதைவிட நல்ல வார்த்தைகள் வைத்திருக்கிறேன், அதை எழுத்தில் தரமுடியாது.

ஐயோ பாவம் என்ற வார்த்தையை அந்தக் கட்டடத்துக்குள் சொல்லாதே. நான் சொன்னதில்லை. ஆனால் இப்போது யோசித்துப் பார்க்கும்போது தோன்றுகிறது, சொல்லாமலே செய்திருக்கிறேன் என்று. சித்தி வீட்டு முகவரியை ஒவ்வொரு வருஷமும் போர்டில் எழுதினேனே, அதற்கு என்ன அர்த்தம்? உங்கள் வீடு வெளியே சொல்லக்கூடிய வீடு இல்லை என்று முதல்வரே அவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒயிட்ஃபீல்டுக்காரன் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரித்துக் காட்டிவிட்டேன். உன் அப்பாவிடம் சொன்னேன். "நல்லதுன்னு நெனச்சுதானே செஞ்ச" என்றார். நல்லது என்று நினைத்துச் செய்ததுதான், யார் இல்லை என்றது? அதன் பலனை அந்தப் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள், நான் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறேன்.

உன்னையும் அதே பாடத்தில்தான் வளர்த்தேன். சித்தி வீட்டு முகவரியோடு வேலைக்குச் சேர்ந்தாய், அங்கே உன் நண்பர்கள் உன்னை மல்லேஸ்வரத்துப் பையன் என்றார்கள், நீ இல்லை என்று சொல்லவில்லை. வேலை மாறினாய், வீடு மாறினாய், சொந்த ஊர் மட்டும் மல்லேஸ்வரமாகவே இருக்கிறது. உன் ஆஃபீஸ் நண்பர்களை ஒரு தடவையாவது நம் தெருவுக்குக் கூட்டிவந்தாயா? பிறந்தநாள் என்றால் ஹோட்டல், பேரன் காதுகுத்து என்றால் ஹால். உன்னைக் குத்திக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் ஆரம்பித்து வைத்ததுதானே. ஆனால் நீ உட்காரப்போகிற நாற்காலி ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் நம் வீடு இருக்கிற கிராஸ் தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டு மல்லேஸ்வரத்துப் பையனாக இருப்பது கஷ்டம்.

உன்னை என் கடிதத்தில்தான் கையெழுத்துப் போடு என்று சொல்லமாட்டேன். சொன்னால் போடுவாய், அம்மா சொன்னாள் என்று போடுவாய். அப்புறம் லேப் போனதும் என்னைத்தான் சொல்வாய். அது எனக்கு வேண்டாம். போட முடியாது என்றால் நாற்காலியை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு உன் பழைய வேலைக்கே போ. அதுவும் ஒரு மரியாதைதான். மூன்றாவதாக, இரண்டு கடிதத்தையும் டிராயரில் போட்டுவிட்டு, யோசிக்கிறேன் சார், டைம் கொடுங்க சார் என்று இழுத்தடிக்க ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்தால் மட்டும் நம் வீட்டு வாசலை மிதிக்காதே. சொல்லிவிட்டேன்.

நேற்று சிவாஜிநகர் போனேன். நந்தினி அங்கே ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். தினக்கூலி, நாள் முழுக்க நின்றபடி. என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நான்தான் உன் தாளை அடித்தேன், அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் இப்போது என்னிடம் இல்லை என்று சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நைட்டிகளை மடித்துக்கொண்டே, "எங்கம்மாதான் மேடம் ரொம்ப அழுவுறாங்க. வேலை செய்யற நாலு வீட்லயும் சொல்லி ஸ்வீட் குடுத்துட்டாங்க, இப்ப கேக்கறவங்களுக்கு இன்னான்னு சொல்றது?" என்றாள். திங்கட்கிழமை புது முதல்வர் வருகிறார், ஐந்து பேரும் போய்ப் பாருங்கள் என்றேன்.

"யாரு மேடம் அவரு?"

"என் பையன்தான்" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவசர அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். "பயப்படாத. வெளியாள் இல்ல. நம்ம ஸ்ரீராம்புரத்துல பொறந்து வளந்தவன்."

மடிப்பதை நிறுத்திவிட்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு அப்படிச் சொல்லிக்கிறாரா மேடம்?"

எனக்குப் பதில் தெரியும் பிரபா. என் வாயால் சொல்ல முடியவில்லை. "நீயே அவன்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை வந்து கேட்பாள்.

அம்மா